கத்தாத படகு

துபாய்
12.3.1994

அன்புள்ள சித்தீக் மச்சானுக்கும் மெஹராஜ் லாத்தாவுக்கும் உபைதுல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. லாத்தாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஹுமைரா பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை டி.வி. முன்னால்தான் இருக்கிறாளா?

நான் வேலை பார்க்கும் படகு யார்டில் மீரா உசேன் காக்கா வாங்கிய படகு போன வாரம் கப்பலேறிவிட்டது. தூத்துக்குடியில் இறங்கி லாரியில் அதிராம்பட்டினம் வந்துவிடும். பதினைந்து வருஷப் பழசு. வெள்ளைக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு உலாவ வைத்திருந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் விருந்தாளிகளை ஏற்றிப் போகத் தோதான படகு. ஓட்டுவதற்கு உங்களைத்தான் போட வேண்டும் என்று காக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இனி வலை இழுத்து இடுப்பொடிய வேண்டாம் மச்சான்.

ஒரு விஷயம். நம் வள்ளத்து என்ஜினைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்ப்பீர்களே, இதில் அது முடியாது. என்ஜினுக்கு மூடி, மூடிமேல் மெத்தை, மெத்தைமேல் விருந்தாளி. ஆனால் இதில் அலாரம் வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினாலும் ஆயில் குறைந்தாலும் அதுவே கத்தும். கத்தினால் உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள். கத்தாதவரை நீங்கள் ராஜா மாதிரி ஓட்டலாம்.

எல்லாருக்கும் என் துஆ.
உபைதுல்லா


அதிராம்பட்டினம்
20.5.1994

தம்பி உபைதுவுக்கு சித்தீக் ஸலாம். நான் சொல்லச் சொல்ல ஹுமைரா எழுதுகிறாள். வீட்டில் எல்லாரும் நலம். உன் லாத்தாவுக்கு முட்டுவலி இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. (இதை எழுதாதே என்றார்கள், எழுதிவிட்டேன் மாமா - ஹுமைரா.)

படகு வந்து ஒரு மாதம் ஆகிறது. மீரா உசேன் காக்கா வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார். தஞ்சாவூர், கும்பகோணம் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றிப் போனேன். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, பெண்ணுக்குத் தெரியும். வழியெல்லாம் சிரிப்புதான்.

முதலில் விருந்தாளிகளை எழுப்பிவிட்டு மூடியைத் திறந்து கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்காவுக்குப் பிடிக்கவில்லை. "அலாரம் இருக்குல்ல சித்தீக்கு, வர்றவங்கள ஏன் எந்திரிக்க வைக்கிறே" என்றார். அதனால் விட்டுவிட்டேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று. இதுவரை அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கத்தாதது நல்லதுக்குத்தானே? இதற்கு மறக்காமல் பதில் எழுது. லாத்தாவின் முட்டுக்குத் தைலமும் ஹுமைராவுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸும் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

சித்தீக்


துபாய்
28.6.1994

அன்பு மச்சானுக்கு ஸலாம். கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளவும். வெயிலில் மண்டை பிளக்கிறது. மற்றபடி சுகமே, உங்கள் எல்லாருடைய சுகத்தையும் கேட்கிறேன்.

லாத்தாவுக்குத் தைலம் வாங்கிவிட்டேன். ஹுமைராவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸும் வாங்கியாயிற்று, மூடியில் பூனைப் படம் போட்டது. கல்யாண கோஷ்டி கதையை ரூமில் படித்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள்.

ஆகஸ்டில் மல்லிப்பட்டினத்து ஆள் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் சாமான்களோடு ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்டும் கொடுத்தனுப்புகிறேன். விசைப்படகு மெக்கானிக் துரைக்கண்ணு அண்ணனிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை, சும்மா இருக்கட்டும் என்றுதான்.

காக்காவுக்கு என் ஸலாம்.
உபைதுல்லா


அதிராம்பட்டினம்
10.8.1994

தம்பி உபைதுல்லாவுக்கு உன் லாத்தா மெஹராஜ் பேகம் ஸலாம். நீ நலமாக இரு. இங்கே நலம் என்று எழுத எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

தந்தியில் பார்த்திருப்பாய். உன் மச்சான் மௌத்தாகிப் பதின்மூன்று நாளாகிறது. தஞ்சாவூர் வக்கீல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். கோரையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மூடிக்கடியில் புகை வந்ததாம், திறப்பதற்குள் என்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். நீர் வடிகிற நேரம். படகை அப்படியே கடலுக்கு இழுத்தது. பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பக்கிரி தன் வள்ளத்தைக் கொண்டுபோய் அணைத்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டான். "நீங்களும் வாங்க பாய்" என்று கூப்பிட்டிருக்கிறான். "முதலாளி படகை விட்டுட்டு வர முடியாது, நீ போயி கயிறு கொண்டா" என்றாராம். அவன் திரும்பிப் போனபோது படகு கவிழ்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் மல்லிப்பட்டினம் கரையில் மய்யித்து ஒதுங்கியது.

இதையும் தாங்கிக்கொள்வேன். மீரா உசேன் ஜமாஅத்தில் சொன்னதைத் தாங்க மாட்டேன். "அலாரம் கத்தியிருக்கும். சித்தீக்கு அசந்து தூங்கியிருப்பான். அவன் தூக்கத்துல என் படகு போச்சு" என்று சொன்னாராம். வக்கீல் சம்சாரம் ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறாள். டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது, அதனால் கேட்டிருக்காது என்கிறார் இவர். கடலில் இருபது வருஷம் கண்ணயராத மனிதனைத் தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டார்.

நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. அதற்குள் எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். அந்த அலாரம் எப்படி வேலை செய்யும், எதனால் கத்தாமல் போகும் என்று விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவர்தான் எதையோ பிடுங்கியிருக்கிறார் என்று என் நெஞ்சு சொல்கிறது. இத்தா முடிந்ததும் அந்த ஆளை அதே ஜமாஅத்தில் தலைகுனிய வைப்பேன். வைக்காவிட்டால் நான் நம் வாப்பா பெற்ற மகள் இல்லை.

லாத்தா


துபாய்
15.10.1994

அன்பு லாத்தாவுக்கு ஸலாம். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹுமைராவைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள்.

மச்சான் எனக்கு மச்சான் மட்டுமா? உம்மா போனபிறகு நீங்கள் சோறு ஊட்டினீர்கள், அவர் தோளில் தூக்கிக்கொண்டு கடல் காட்டினார். இங்கே பள்ளிவாசலில் அவருக்காக யாசீன் ஓதினோம்.

அலாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய படகு. உப்புக்காற்றில் ஒயர் அரித்துப் போகலாம். எதுவும் நடக்கலாம். யாரையும் சொல்லிப் பயனில்லை லாத்தா. மீரா உசேன் காக்காவை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன். ஹுமைராவுக்கு ஒரு வாட்ச் வாங்கி வைத்திருக்கிறேன்.

உபைதுல்லா


அதிராம்பட்டினம்
2.11.1994

தம்பிக்கு ஸலாம். சுகம்தானே?

வாட்ச் கேட்டேனா? பணம் கேட்டேனா? ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இரண்டு மாதம் யோசித்து, "எதுவும் நடக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். ஜமாஅத்தில் நான் போய் "எதுவும் நடக்கலாமாம், என் தம்பி சொல்கிறான்" என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? துபாய் போய் உனக்கு முதுகெலும்பு கரைந்துவிட்டதா?

மீரா உசேன் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் சம்சாரம் துக்கம் கேட்க வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், இப்போதெல்லாம் அந்த வீட்டைப் பற்றி நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

நீ சொல்லாததை துரைக்கண்ணு அண்ணன் சொல்லிவிட்டார். வாசலுக்கு வெளியே நின்று ஹுமைராவிடம் விளக்கினார். "சாவிய ஆன்ல திருப்புனாலே அலாரம் கத்தணும் பாப்பா. என்ஜின் ஓட ஆரம்பிச்ச பெறகுதான் நிக்கும். திருப்புறப்பவே கத்தலன்னா அலாரம் செத்துக் கெடக்குன்னு அர்த்தம்." ஒரே ஒரு சாவித் திருப்பல். இதை உன் மச்சானுக்கு யாருமே சொல்லவில்லையே என்று ஹுமைரா அழுதாள். கரைக்கு இழுத்து வந்த படகு ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் கிடக்கிறது. இத்தா முடியட்டும்.

மல்லிப்பட்டினத்து ஆள் கொண்டுவந்த சாமான் நாற்பதாம் பாத்திஹா அன்று வந்தது. தைலம், ஜியாமெட்ரி பாக்ஸ், கூட ஒரு பித்தளைத் துண்டு. அது எதற்கு? எழுது.

லாத்தா


துபாய்
24.11.1994

அன்பு லாத்தாவுக்கு ஸலாம். இங்கே எனக்குச் சுகம் குறைவு, தூக்கம் வருவதில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

படகைத் தொட வேண்டாம். காலைப் பிடித்துக் கேட்கிறேன். சாவி திருப்புவதும் வேண்டாம், பிரித்துப் பார்ப்பதும் வேண்டாம். பழைய ஒயர், தண்ணீரில் ஊறியது, ஷாக் அடித்துவிடும். கோடையில் நான் லீவில் வந்து எல்லாவற்றையும் நேரில் பேசுகிறேன். அதுவரை காக்காவோடு சண்டை வேண்டாம். அந்தப் பித்தளைத் துண்டு ஒன்றுமில்லை, பரணில் போட்டுவிடுங்கள்.

உபைதுல்லா


அதிராம்பட்டினம்
20.12.1994

தம்பிக்கு ஸலாம், துஆ. உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு இன்று முட்டுவலிகூட இல்லை.

ஜெயித்துவிட்டேன் உபைது! இத்தா முடிந்த மறு வெள்ளிக்கிழமையே மனுப் போட்டேன். ஜும்ஆ முடிந்து ஜமாஅத் ஆட்கள் அத்தனை பேரும் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் வந்தார்கள். நான் ஹுமைராவோடு புர்கா போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். துரைக்கண்ணு அண்ணன் புது பாட்டரி கொண்டுவந்து மாட்டினார். "பன்னெண்டு வோல்ட்டு, இதுல எங்கேர்ந்து ஷாக்கு" என்று நீ எழுதியதற்குச் சிரித்தார். எல்லார் முன்னாலும் சாவியைத் திருப்பினார். டயல் முள் ஆடியது. சத்தம் இல்லை. மூன்று தடவை திருப்பினார். சத்தம் இல்லை. அலாரம் பெட்டியை மட்டும் தனியாகக் கழற்றி பாட்டரியில் வைத்தார். ஐஸ் பேக்டரி ஆட்கள் வெளியே ஓடிவரும் அளவுக்குக் கத்தியது. பெட்டி நல்ல பெட்டி. அப்படியானால் யாரோ கனெக்‌ஷனைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

நான் சும்மா இருப்பேனா? "விருந்தாளிக்குத் தொந்தரவுன்னு பிடுங்கிப் போட்டது இவருதான். செத்தவரு மேல பழியப் போட்டதும் இவருதான்" என்று குர்ஆன்மேல் கை வைத்துச் சொன்னேன். மீரா உசேன் "வல்லாஹி நான் தொடல" என்றார். யாரும் கேட்கவில்லை. ஜமாஅத் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மகனுக்குப் பேசிய நாகூர்ச் சம்பந்தமும் நின்றுவிட்டதாம். படகையும் எனக்கே கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அவர் தோள்துண்டு நழுவி மணலில் விழுந்தது, எடுக்காமல் நடந்து போனார். பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தேன், அஞ்சு மாதத்துக்கப்புறம்.

படகை துரைக்கண்ணு அண்ணன் பிரித்து விற்றுத் தருகிறேன் என்கிறார்.

லாத்தா


அதிராம்பட்டினம்
18.1.1995

உபைதுல்லாவுக்கு மெஹராஜ் ஸலாம்.

நேற்று படகைப் பிரித்தார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் ஒயர் தனியாகத் தொங்கியது. அதன் நுனியில் சிகரெட் அட்டைத் துண்டு ஒன்று நூலில் கட்டியிருந்தது. துரைக்கண்ணு அண்ணன் வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பால்பாயின்ட் மசி கரைந்திருந்தாலும் எழுத்துத் தெரிகிறது. உனக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் நான்.

"கத்துற ஒயர். கழட்டியது உபைதுல்லா, 14.2.94. சென்சார் வந்ததும் மாட்டணும்."

பித்தளைத் துண்டு எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஒரே கேள்வி. அவர் கேட்டதற்குத்தான் பதில் எழுதவில்லை, நான் கேட்பதற்காவது எழுது. இந்த மாதிரி எத்தனை படகில் சீட்டுக் கட்டியிருக்கிறாய்?

மெஹராஜ் பேகம்


துபாய்
12.2.1995

லாத்தா, என் ஸலாமை ஏற்றுக்கொள்வீர்களோ தெரியாது.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். சூடு பார்க்கும் சென்சார் கெட்டுப்போய், குளிர்ந்த என்ஜினுக்கே அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காக்காவின் ஆள் ஓட்டிப் பார்க்க வருகிறார். புது சென்சார் இங்கிலாந்திலிருந்து வர ஆறு வாரம். "சத்தத்தை நிறுத்து, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் போடட்டுமா" என்றார் மேனேஜர். கழற்றினேன். எதைக் கழற்றினாலும் யார் கழற்றியது என்று சீட்டுக் கட்டுவது எங்கள் யார்டு வழக்கம். கப்பலேறும் முன் மாட்டிவிடலாம் என்று இருந்தேன். கப்பல் முந்திவிட்டது.

உண்மையை எழுதினால் காக்கா படகைத் திருப்பிவிடுவார், மச்சானுக்குக் கிடைத்த வேலை போய்விடும் என்று நினைத்தேன். சென்சார் வந்ததும் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "கத்தாதது நல்லதுக்குத்தானே" என்று மச்சான் கேட்டிருந்ததை நாலைந்து தரம் படித்தேன் லாத்தா. ஹுமைராவின் கையெழுத்து. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பயந்துவிட்டேன்.

பதினொன்று. எல்லாம் பழைய படகுகள்தான். விற்பதற்கு முன்னால் சத்தத்தை நிறுத்துவதே இங்கே வேலை. ஒன்பது படகு இப்போதும் இங்கே ஒரே போட் கிளப்பில் நிற்கிறது, இரண்டு ஷார்ஜாவில். பெயர்களை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

காக்காவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். ஜமாஅத்துக்குத் தெரிந்தால் நான் ஊருக்கு வரவே முடியாது. ஹுமைரா கல்யாணம் என் பொறுப்பு. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், வெளியே மட்டும் வேண்டாம்.

உங்கள் தம்பி
உபைதுல்லா


அதிராம்பட்டினம்
9.3.1995

உபைதுல்லாவுக்கு.

உன் கடிதத்தை ஹுமைராவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கடைசிவரை படித்தாள். பிறகு அவள் வாப்பா சொல்ல அவளே எழுதிய அந்தக் கேள்வி இருந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஜமாஅத்துக்குப் போனேன். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்: "ஒயர் விஷயத்துல மீரா உசேன் காக்கா மேல நான் சொன்னது பொய். கழட்டுனது என் தம்பி உபைதுல்லா. குர்ஆன் மேல பொய்ச் சத்தியம் பண்ணுன பாவம் எனக்கு. என் மாப்பிள்ளை தூங்குனாருன்னு காக்கா சொன்னதும் பொய். ரெண்டையும் எழுதிக்குங்க." சீட்டையும் பார்க்கக் கொடுத்தேன். எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். மீரா உசேன் அழுதார். என் மாப்பிள்ளையின் கபுருக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். அந்தச் சம்பந்தத்தை ஒட்டவைக்க நாகூருக்கு நானே போய் வந்தேன். அந்த வீட்டு அம்மாளிடம் நான் பட்ட அவமானம் உனக்குத் தேவையில்லை.

அந்த மனிதர்மேல் எனக்கிருந்த ஆத்திரம் இப்போது போக இடமில்லாமல் இருக்கவில்லை. முழுசாக உன்மேல் வந்துவிட்டது. உன் எட்டு வயசில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள்தான் இதை எழுதுகிறேன். அதை நினைத்துப் பார்த்தேன். ஆத்திரம் குறையவில்லை, கூடியது.

வெளியே மட்டும் வேண்டாம் என்று கேட்டிருந்தாய். பதினோரு படகின் பெயரையும் ஹுமைரா இங்கிலீஷில் எழுதினாள். யார் ஒயரைக் கழற்றியது, எந்த ஒயர், அதனால் யார் செத்தது, எல்லாம் எழுதினாள். சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்தாள். கிளப்புக்கு ஒன்று, அங்கே உள்ள போலீசுக்கு ஒன்று. நீ போடாத கையெழுத்தை நான் போட்டேன். இரண்டும் போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டன. இதை வேண்டுமென்றே மூன்று நாள் தள்ளி எழுதுகிறேன். உனக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. உன் மேனேஜருக்கும் தெரியக் கூடாது.

வேலை போகும். ஜெயிலில் வைப்பார்களோ என்னவோ. வைக்கட்டும். அடுத்த மாதம் இந்த வீட்டில் உலை வைக்க என்ன வழி என்று எனக்குத் தெரியாது, ஹுமைராவை யார் கட்டிக்கொள்வார்கள் என்றும் தெரியாது. தெரியாமலேதான் அனுப்பினேன். அங்கே பதினோரு வீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நீ வாட்ச் வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

ஊர் வந்தால் பள்ளிவாசலில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல். பிறகு வீட்டுக்கு வா. கதவைத் தட்டினால் நான் எழுந்து வர மாட்டேன். ஹுமைராதான் வருவாள். திறக்கச் சொல்லி அவளிடம் சொல்ல மாட்டேன், திறக்காதே என்றும் சொல்ல மாட்டேன். வெளியே நின்று அவள் கேட்பதற்குப் பதில் சொல்.

மெஹராஜ் பேகம்